உங்கள் இடித்தேவரை உடனே திரும்ப அழைத்துக்கொள்ளவும்

ஸ்வால்வீக், ஐஸ்லாந்து
பிப்ரவரி 6

பெறுநர்:
டீர்லெய்வ் மாரினோஸ்டோட்டிர் அவர்கள்,
ஆசிரியர், 'சம்மட்டி' சித்திரக்கதை மாத இதழ்,
ரெய்க்யாவிக்.

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலத்தையும் தங்கள் இதழின் நலத்தையும் விசாரித்த பிறகே கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று எனக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தங்கள் நலத்தை விசாரிக்கிறேன். இதழின் நலத்தை விசாரிக்க என் மனசாட்சி இடம் தரவில்லை. நான் ஸ்வால்வீக் தன்னார்வ மீட்புக் குழுவின் தலைவன். மேல்நிலைப் பள்ளியில் நிலவியல் கற்பிப்பவன். இதைக் கோபத்தில் எழுதுவதாகத் தாங்கள் நினைக்க வேண்டாம். கோபம் டிசம்பரோடு தீர்ந்துவிட்டது. இப்போது என்னிடம் இருப்பது அதைவிடக் குளிர்ந்த ஒன்று.

எங்கள் பழங்கதைகளின் இடிக்கடவுளும், தங்கள் இதழின் நாயகரும், தங்கள் செலவில் கடந்த ஆகஸ்ட் முதல் எங்கள் ஊரில் குடியிருந்து 'உண்மைச் சாகசங்கள்' நிகழ்த்திவருபவருமான இடித்தேவர் தொடர்பான புகார்கள், தேதிவாரியாக:

1. செப்டம்பர் 12: மலைமேய்ச்சலிலிருந்து ஆடுகளைத் திரட்டிவரும் மூன்று நாள் வேலையை, எவரையும் கேட்காமல், மதியச் சாப்பாட்டுக்குள் முடித்தது.

2. அக்டோபர் 3: ஆற்றில் சிக்கிய ஒரு ஜீப்பை, உள்ளே இருந்த ஜெர்மானியத் தம்பதியோடு, தேவாலயக் கூரைமேல் வைத்தது.

3. நவம்பர் 19: பொது வெந்நீர்த் தொட்டியில் இறங்கி, ஏற்கெனவே அதில் இருந்த அனைவருக்கும் தலைமுடி செங்குத்தாக நிற்கும்படி செய்தது. (இருவர் வழுக்கை. அவர்களுக்குப் புருவம்.)

4. டிசம்பர் 31: வானத்தை இலவசமாகக் கொளுத்தியது.

5. ஜனவரி 15: தங்கள் ஜனவரி இதழ். இது அவர் மீதான புகார் அல்ல, தங்கள் மீதானது.

6. பிப்ரவரி 20: இது இன்னும் நடக்கவில்லை. அன்று எங்கள் குழுவின் பொதுக்கூட்டம். குழுவைக் கலைத்துவிடலாமா என்று வாக்கெடுப்பு. அது நடக்காமல் தடுக்கத்தான் இந்தக் கடிதம்.

இனி விளக்கம். முதலில் ஒரு சந்தேகம். இடியே இல்லாத ஊருக்கு இடித்தேவரை அனுப்பியது தங்கள் அலுவலகத்தில் எந்த அறிவாளியின் யோசனை? எனக்கு ஐம்பத்து நான்கு வயது. இந்த ஊரில் இடிச்சத்தம் கேட்ட நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மிச்ச விரல்களில் காப்பிக் கோப்பையும் பிடிக்கலாம். தங்கள் ஓவியர் வேறு அவருக்குப் பொன்னிறக் கூந்தலும் மழித்த முகவாயும் வரைந்திருந்தார். பேருந்திலிருந்து இறங்கியவருக்கோ மார்பு வரை சிவப்புத் தாடி. அவரை வரவேற்கப் போன நாங்கள் அவரிடமே, "ஐயா, இந்த வண்டியில இடித்தேவர் யாராவது வந்தாங்களா?" என்று கேட்டோம். அன்று தொடங்கிய குழப்பம் இன்றுவரை தீரவில்லை. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால் அதுவும் முடியாது. அந்தப் பழைய தேவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது எங்கள் நாட்டு வழக்கம்; அது முழுதாகவோ பாதியாகவோ எங்கள் குழுவிலேயே நான்கு பேருக்கு இருக்கிறது. அதைச் சொல்லிக் கூவினால் ஐந்து பேர் ஓடிவருகிறார்கள். ஆகவே ஊரார் அவரைச் செந்தாடி என்கிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

ஆடு திரட்டும் விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் தலைநகரில் வளர்ந்தவராக இருக்கலாம். கோடை முழுதும் மலையில் மேய்ந்த ஆடுகளைச் செப்டம்பரில் ஊரே குதிரையேறிப் போய்த் திரட்டும். மூன்று நாள் ஆகும். ஆடு திரட்ட அவ்வளவு தேவையில்லை. பாட, குடிக்க, போன வருடச் சண்டையை முடிக்க, அடுத்த வருடச் சண்டையைத் தொடங்க மூன்று நாள் வேண்டும். அன்று காலை நாங்கள் சேணம் பூட்டி, குப்பிகளை நிரப்பி, முதல் பாட்டின் முதல் வரியில் இருந்தபோது, மலைக்குப் பின்னால் வானம் பிளந்தது. சற்று நேரத்தில் மொத்த மந்தையும் எங்களைத் தாண்டி ஓடிக் கல்பட்டிக்குள் தானாகப் புகுந்தது. கடைசியில் செந்தாடி, இரண்டு கக்கத்திலும் நொண்டி ஆடுகளோடு, சிரித்துக்கொண்டே இறங்கினார். எவரும் கைதட்டவில்லை.

"வேலைதான் முடிஞ்சுதே! ஏன் எல்லாரும் கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை ஓடிப்போன மாதிரி நிக்கிறீங்க?" என்றார்.

என் துணைத்தலைவரும் எங்கள் பனிவண்டியின் ஓட்டுநருமான பார்துர், குதிரையிலிருந்து இறங்காமலே சொன்னார்: "ஏன்யா, மூணு நாளைக்கு வர மாட்டேன்னு வீட்ல சொல்லிட்டு வந்திருக்கேன். இப்பப் போயி அவகூட உக்காந்து நான் என்னத்தப் பேசுறது?"

செந்தாடி உண்மையிலேயே வருந்தினார். அதுதான் என் முதல் சங்கடம். ஒரு மனிதர் கெட்டவராக இருந்தால் அவரை வெறுக்கலாம். இவர் மறுநாள் ஒவ்வொரு வீட்டுக்கும் உலர்மீனும் வெண்ணெயும் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டார். கதவுகள்தான் கொஞ்சம் உடைந்தன. அவர் மெதுவாகத்தான் தட்டினார்.

அடுத்தது ஜீப். ஆற்றில் சிக்கிய வண்டிகளைக் கயிறு கட்டி இழுப்பது எங்கள் குழுவின் அன்றாடப் பிழைப்பு. அவசர அழைப்பு வந்து, நாங்கள் சீருடை போட்டு, ஆற்றங்கரையை அடைவதற்குள் ஆற்றில் ஜீப் இல்லை. அது தேவாலயக் கூரையில் இருந்தது. "வெள்ளம் ஏறுது பாருங்க, உயரமான இடம்தான் பத்திரம்" என்று அவர் விளக்கினார். அதை இறக்க எங்களுக்கு இரண்டு நாளும், பக்கத்து ஊர்த் துறைமுகத்தின் கிரேனும் தேவைப்பட்டன. வண்டி தூக்கப்பட்டதைத் தாங்கள் நான்கு பக்கத்துக்கு வண்ணத்தில் வெளியிட்டீர்கள். இறக்கப்பட்டது பற்றி ஒரு கட்டம்கூட இல்லை. இடையில் வந்த ஞாயிறன்று பலிபீடத்தின்மேல் சொட்டுச் சொட்டாக இன்ஜின் எண்ணெய் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் பாதிரியாரான யோஃப்ரீதுர் அம்மையாரிடம் நான் முறையிட்டேன். அவரும் எங்கள் குழு உறுப்பினர்தான். தொழில்முறையிலாவது இன்னொரு தேவர் தேவாலயத்துக்கு எதிர்வீட்டில் குடியேறியதை ஆட்சேபிப்பார் என்று நம்பினேன்.

"ஆட்சேபிக்கலாம்தான், எய்விந்தூர்," என்றார் அவர். "ஆனா நம்ம பாட்டுக் குழுவுக்குக் கீழ்க்குரல் இல்லாம ஆறு வருஷம் தவிச்சோமே, ஞாபகம் இருக்கா? அந்த ஆளு வாயத் திறந்தா பெஞ்சு அதிருது. வேதநூல் தத்துவத்தை ஈஸ்டர் முடிஞ்சு பார்த்துக்கலாம்."

அந்த ஜீப் அழைப்புதான் எங்களுக்கு வந்த கடைசி அழைப்பு. அதன் பிறகு எவர் எங்கே விழுந்தாலும், சிக்கினாலும், தொலைந்தாலும், அவர்கள் அவசர எண்ணைத் தேடி முடிப்பதற்குள் செந்தாடி போய் நிற்கிறார். எங்கள் கொட்டகையில் கயிறுகள் சுருண்டு கிடக்கின்றன. பனிவண்டியை பார்துர் வாரம் ஒருமுறை கிளப்பிப் பார்த்து அணைத்துவிட்டுப் போகிறார்.

நீச்சல்குள விவகாரத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அங்கே அவர் தோற்றார். குளத்தில் இறங்கும் முன் எல்லோரையும் சோப்புப் போட்டுக் கழுவவைக்கும் குளியலறைக் காவலர் ஹல்பேராவை இந்த ஊரில் எவரும் வென்றதில்லை. செந்தாடி தங்கள் இதழின் மேலங்கி, இரும்புக் கையுறை, இடுப்புக் கச்சை சகிதம் உள்ளே நுழைந்தார். ஹல்பேரா பின்னல் ஊசியால் கச்சையைச் சுட்டினார்.

"அதக் கழட்டுங்க."

"அம்மா, இந்தக் கச்சையைக் கழட்டினா என் பலம் பாதியாக் குறைஞ்சிடும்."

"பாதி பலத்துல குளிச்சாப் போதும். சோப்பு அங்க இருக்கு."

"நான் தேவன், அம்மா."

"தேவனா இரு, மீன் அறுக்கிறவனா இரு. துணியில்லாம, தலை, அக்குள், கீழ, கால். படம் போட்டு ஒட்டியிருக்கு பாரு. தண்ணி எல்லாருக்கும் பொது."

அவர் கழற்றினார். சோப்புப் போட்டார். படத்தை இருமுறை பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு வெந்நீர்த் தொட்டியில் இறங்கினார். மேற்படி மூன்றாவது புகார் நிகழ்ந்தது. காலையில் அந்தத் தொட்டியில் உட்கார்ந்துதான் நாங்கள் குழு விஷயங்களைப் பேசுவோம். இப்போது அவர் அரக்கர்களை அடித்த கதைகளைச் சொல்கிறார். என் துணைத்தலைவர் உட்பட எல்லோரும் முடி சிலிர்த்தபடி அவர் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். கயிறுகளின் ஆயுட்காலம் குறித்து நான் ஆரம்பித்தால், "அப்புறம் சொல்லுங்க தலைவரே, அந்தப் பாம்பு என்ன ஆச்சுன்னு கேட்டுக்கிறோம்" என்கிறார்கள்.

இதையெல்லாம் நான் பொறுத்திருப்பேன். டிசம்பர் 31 அன்று நடந்ததைப் பொறுக்க முடியவில்லை. புத்தாண்டுப் பட்டாசை ஊரே எங்களிடம்தான் வாங்கும். அந்த வரவில்தான் எங்கள் வருடம் ஓடுகிறது. கயிறு, கூடாரம், பனிவண்டிக்கு எரிபொருள் எல்லாம் அதிலிருந்துதான். அன்று மாலை கடையைத் திறந்து வைத்தோம். செந்தாடி துறைமுக மேட்டில் ஏறிச் சம்மட்டியைத் தூக்கினார். நீலம், ஊதா, வெள்ளை என்று வானம் மூலைக்கு மூலை எரிந்தது. ஒப்புக்கொள்கிறேன், அழகாக இருந்தது. அதை விட்டுவிட்டு எங்கள் ராக்கெட்டை வாங்க எவனாவது வருவானா? பெட்டிகள் கூரை வரை அப்படியே அடுக்கி இருக்கின்றன. நாங்கள் இப்போது ஒரு வெடிமருந்துக் கிடங்கில் கூட்டம் போடுகிறோம். மறுநாள் விசாரிக்கப் போனேன். அவர் திகைத்தே போனார்.

"உங்களுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான் பண்ணினேன் தலைவரே. நீங்க ஏன் வானத்துல வெடிக்கிறதை விக்கிறீங்க?"

"மலையில விழுந்தவங்களைக் காப்பாத்த."

அவர் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார். "வெடிச்சு விளையாடி வர்ற காசுல காப்பாத்துறீங்க. வெடிக்காட்டி காப்பாத்த முடியாது. இது என்ன ஏற்பாடு?"

பத்தொன்பது ஆண்டுகளாக இந்தக் குழுவை நடத்துகிறேன். அதுவரை இந்த ஏற்பாடு எனக்குப் பகல்போல் தெளிவாக இருந்தது. அவர் கேட்ட பிறகு இரண்டு இரவு எனக்குத் தூக்கம் இல்லை. இது போதாதென்று, அன்றைய மின்னலில் மீன்கிடங்கின் மின்பெட்டி கருகியது. 'இது இயற்கைச் சீற்றமா, மனிதச் செயலா?' என்று காப்பீட்டுக்காரர்கள் நிலவியல் படித்தவன் என்ற முறையில் என்னிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். 'இயற்கை' என்று எழுதினேன். ஊருக்குள் குடியிருந்து குப்பைத் தொட்டியை முறையாக வெளியே வைக்கும் ஒருவரை இயற்கை என்பது எப்படி என்று கிழித்தேன். 'மனிதச் செயல்' என்று எழுதினேன், அதையும் கிழித்தேன். எனக்குத் தெரியாது. தங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

இனி ஜனவரி இதழ். அதில் மூக்கு ஒழுகும் ஒரு குட்டையான மனிதர் வருகிறார். ஒவ்வொரு சாகசமும் முடிந்த பிறகு, கழுத்தில் கயிறு சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்து, "நான் வந்துட்டேன்!" என்கிறார். அவர் அணிந்திருப்பது எங்கள் குழுவின் சீருடை. அவருடைய கண்ணாடி என்னுடையது. நான் குட்டை அல்ல. வகுப்பறையில் நான் நுழையும்போதெல்லாம் இருபது குரல்கள், "நான் வந்துட்டேன்!" என்கின்றன. அவர்களை அடக்கிவிட்டு வீடு திரும்பினால் என் மனைவி சோல்ரூன் கதவைத் திறந்து, அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறாள். அவள் முதுகு குலுங்குகிறது.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. போன வாரம் பார்துர் கொட்டகைக்கு வந்து, கலைப்புத் தீர்மானத்தை என் கையில் கொடுத்தார். அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது அவர் தொப்பியைப் பிசைந்த விதத்தில் தெரிந்தது.

"நம்மள யாரு தலைவரே கூப்பிடுறா? அக்டோபர்ல இருந்து மணி அடிக்கல. பசங்க பயிற்சிக்கு வர மாட்டேங்கிறாங்க. அந்த ஆளு இருக்கும்போது நாம எதுக்குன்னு கேக்குறாங்க. எனக்குப் பதில் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

"அவரோட ஒப்பந்தம் பன்னிரண்டு இதழ்தான், பார்துர். அது முடிஞ்சு அவர் போயிட்டா? அன்னைக்கு ஒருத்தன் மலையில மாட்டுவான். அப்ப யாரு போவா?"

"அத அப்பப் பாத்துக்கலாம்னு சொல்றாங்க."

"அப்பப் பாக்க ஆள் இருக்காதேடா!" என்று கத்திவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் நான் அவரை 'டா' போட்டது அதுவே முதல்முறை.

ஆசிரியர் அவர்களே, இதைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு படகு திரும்பி வராத குளிர்காலத்தில், கரையில் காத்து நின்ற பெண்கள் சேர்ந்து ஆரம்பித்த குழு இது. ஒருமுறை கலைந்தால் மறுபடி சேராது. முடிச்சுப் போடத் தெரிந்த கை நான்கு வருடம் சும்மா இருந்தால் மறந்துவிடும். தங்களுக்கு இது பன்னிரண்டு இதழ். எங்களுக்கு இது எங்கள் ஊர்.

ஆகவே நான் கோருவது ஒன்றே: செந்தாடி அவர்களை பிப்ரவரி 20-க்கு முன் ஸ்வால்வீக்கிலிருந்து திரும்ப அழைத்துக்கொள்ளவும். வேறு எங்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். இடி உள்ள ஊராகப் பார்த்து அனுப்பினால் அவருக்கும் ஆறுதலாக இருக்கும். தங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

தங்கள் வீட்டாருக்கும் அலுவலகத்தாருக்கும் பாதங்கள் உலர்ந்த ஒரு குளிர்காலம் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
எய்விந்தூர் கோல்பெய்ன்ஸன்,
தலைவர், ஸ்வால்வீக் தன்னார்வ மீட்புக் குழு.

பின்குறிப்பு (பிப்ரவரி 10): பனியால் கணவாய்ச் சாலை மூடிவிட்டதால் மேற்படி கடிதம் நான்கு நாளாக என் மேசையிலேயே இருந்தது. இதற்கிடையில் ஒன்று நடந்துவிட்டது. நேற்றுக் காலை எங்கள் மணி அடித்தது. பாதிரியார் அம்மையார்தான் அழைத்தார்: "எய்விந்தூர், செந்தாடி நேத்து சாயங்காலம் பாட்டுப் பயிற்சிக்கு வரலை. அவர் ஒரு நாளும் தவறினதில்லை. வீட்டுல இல்லை. மேட்டுப்பக்கம் நடந்து போனதைப் பார்த்திருக்காங்க." வெளியே நீட்டிய கை தெரியாத வெள்ளை. பத்து நிமிடத்தில் கொட்டகையில் நான் எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு பேர் நின்றார்கள். பார்துர் ஏற்கெனவே பனிவண்டியைக் கிளப்பியிருந்தார்.

கயிற்றில் வரிசையாகக் கோத்துக்கொண்டு போனோம். மதியம் போல, பள்ளிக்கு மேலே உள்ள சரிவின் விளிம்பில் அவரைக் கண்டோம். சம்மட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தாடி முழுதும் பனிக்கட்டியாக, வாயை இரண்டு கையாலும் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார். மின்னல் போட்டுப் பார்த்திருக்கிறார். வெள்ளைக்குள் வெள்ளை அடித்து அவருக்கே கண் தெரியாமல் போயிருக்கிறது. "ஏன் குரல் கொடுக்கலை?" என்று கேட்டேன்.

"கீழ பள்ளிக்கூடம் இருக்கே தலைவரே," என்று கிசுகிசுத்தார். "நான் வாயத் திறந்தா மலை இறங்கிடுமோன்னு பயம். ராத்திரியில இருந்து தும்மலைக்கூட அடக்கிட்டு இருக்கேன்."

குரல் சத்தத்தால் பனி சரியாது. அதை என் முதுகலை ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் நானே நிறுவியிருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை, தாங்களும் சொல்லிவிட வேண்டாம்.

அவரை பார்துருக்கும் எனக்கும் நடுவில் கட்டி இறக்கினோம். வழி நெடுக, "இந்த முடிச்சுக்குப் பேர் என்ன? இது ஏன் நழுவலை?" என்று கிசுகிசுப்பாகவே கேட்டுக்கொண்டு வந்தார். கொட்டகைக்கு வந்து காப்பி குடித்ததும், பயிற்சி உறுப்பினராகச் சேர விண்ணப்பம் கேட்டார். எங்கள் விதிப்படி, குழுவில் சேர்ந்தவர் தலைவர் அழைக்காமல் எந்த மீட்புக்கும் கிளம்பக் கூடாது. அதைப் படித்துக் காட்டினேன். "அப்பாடா" என்றார். கலைப்புத் தீர்மானத்தை பார்துர் அடுப்பில் போட்டுவிட்டார்.

ஆகவே மேலே கோரியதைத் தாங்கள் தயவுசெய்து செய்துவிட வேண்டாம். அடித்துத் திருத்தி எழுத நேரமில்லை. சாலை திறந்துவிட்டது, தபால் வண்டி வாசலில் உறுமுகிறது. ஒரே ஒரு சிக்கல். தங்கள் ஒப்பந்தப்படி அவர் மேலங்கியைத் தவிர வேறு எந்தச் சீருடையும் அணியக் கூடாதாம். மேலங்கியைக் கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்க எங்கள் விதி அனுமதிக்காது. எங்கள் சீருடையும் தலைக்கவசமும் அணிய அவருக்கு அனுமதி வழங்கி, எழுத்துப்பூர்வமான பதிலை பிப்ரவரி 18, மாலை ஐந்து மணிக்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்பவும். கிடைக்காவிட்டால், அனுமதி கிடைத்ததாகக் கொண்டு 20-ஆம் தேதி கூட்டத்தில் அவரைச் சேர்த்துவிடுவோம். அதன்பின் அவரைத் திரும்ப அழைக்கத் தாங்கள் எனக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.